சீமைக் கருவேலம்: களையா, பயிரா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

சென்ற பருவத்தில் ஒருநாள் எங்கள் தாவரவியல் பேராசிரியர் அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "நம் இராமநாதபுரம் சீமைக்கு முதல் எதிரி எது?" என்று கேட்டார். "சீமைக் கருவேலம்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. நானும் சொன்னேன். சொன்ன பிறகு மனம் கூசியது. ஏனெனில் அந்த வாரந்தான் என் அப்பா விடுதிக்கு வந்து, மெஸ் கட்டணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ரூபாய் நோட்டுகளில் கரி படிந்திருந்தது. அது கரிமூட்டத்தில் வந்த பணம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல். என்னைப் படிக்கவைப்பது அந்த முதல் எதிரிதான்.

இந்த மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கலாம், களையும் ஒழியும், விளக்கும் எரியும், ஊருக்கு வேலையும் கிடைக்கும் என்று பலரும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். ஒரு கல்லில் மூன்று மாங்காய்! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இம்மரத்தோடு பிறந்து வளர்ந்தவன் என்ற முறையிலும், தாவரவியலில் இரண்டு எழுத்துப் படித்தவன் என்ற முறையிலும், இதைப் பற்றி என் கருத்தைச் சக மாணவர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

வந்த கதை

சீமைக் கருவேலத்தின் தாயகம் மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள் முதலிய பகுதிகள். அன்றைய சென்னை மாகாணத்தில் விறகுத் தட்டுப்பாட்டைப் போக்க வனத்துறையினர் ஜமைக்கா தீவிலிருந்து விதை தருவித்தார்கள். 1877இல் அது கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது. ஆக, இம்மரம் தானாக வந்த திருடன் அல்ல. வெற்றிலை பாக்கு வைத்து நாம் அழைத்த விருந்தாளி. அழைத்த காரணமும் எரிபொருள்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எரிபொருளுக்காக வந்த மரத்தை எரிபொருளாக்கியே ஒழிப்போம் என்று இன்று கிளம்பியிருக்கிறோம்!

புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்பது நாம் பாடத்தில் படிக்கும் பெயர். 2022இல் வகைப்பாட்டியலார் இதை நெல்டுமா என்னும் பேரினத்துக்கு மாற்றினார்கள். கோயில்களில் தலமரமாக நாம் கும்பிடும் வன்னி இதற்கு நெருங்கிய உறவு. ஒரே குடும்பத்தில் ஒருவர் தெய்வம், ஒருவர் பகைவர்! பெயரை எத்தனை முறை மாற்றினாலும் முள் மாறவில்லை.

இது எப்படிப் பரவுகிறது என்பதை ஆடு மேய்த்த எந்தச் சிறுவனும் சொல்வான். காய் இனிப்பானது. ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் எருவோடு விழும். விழுந்த இடத்தில் முளைக்கும். ஆனால் இலையை ஆடு தொடாது. காயைக் கொடுத்துக் காலாள் சேர்த்துக்கொண்டு, இலையைக் காத்துக்கொள்ளும் தந்திரம் இது. வேரோ ஆழம் பார்த்து இறங்கும். அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் சுரங்கம் தோண்டியபோது, இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலான வலிமை அதன் தூரில் இருக்கிறது. தண்டை வெட்டினால், மண்ணுக்குச் சற்றுக் கீழே உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்துக்கொண்டு பல கிளைகளாகத் துளிர்க்கும். ஒன்றை வெட்டினால் நான்கு முளைக்கும்.

இம்மரத்தின் மேல் இல்லாத பழிகளையும் சிலர் சுமத்துகிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் உறிஞ்சி மழையையே விரட்டிவிடும் என்பார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. உண்மையான குற்றங்களே போதுமானவை. கண்மாயின் உள்வாயை அடைத்துக்கொள்கிறது. வரத்துக்காலை மறித்துக்கொள்கிறது. வேரால் நீரை இழுக்கிறது. தன் நிழலாலும், உதிரும் இலைகளிலுள்ள வேதிப்பொருள்களாலும் பிற செடிகளைத் தலையெடுக்க விடுவதில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் தாத்தா காலத்தில் மீன் பிடித்தார்களாம். நான் பார்த்ததெல்லாம் மழை முடிந்த சில வாரங்கள் மட்டும் நிற்கும் நீரும், அதன் நடுவே நிற்கும் முட்காடுந்தான்.

சோறு போட்ட மரம்

இத்தனை குற்றமுள்ள மரத்தை ஊர் ஏன் இன்னும் வைத்திருக்கிறது? விடை எளியது. வானம் பொய்த்த ஆண்டுகளில் சோறு போட்டது இதுதான். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் மழை பெய்தால் நெல், மிளகாய்; பெய்யாவிட்டால் கரி. நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். மிளகாய் கைவிட்ட ஆண்டில் அதே சம்சாரியைத் தாங்கிய கரிக்கு எந்தக் குறியீடும் இல்லை.

கரிமூட்டம் போடுவதைப் பார்க்காத நண்பர்களுக்காக இரண்டு வரி. விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணால் மூடிப் பூசி, உள்ளே நெருப்பிடுவார்கள். காற்று அதிகம் புகுந்தால் எல்லாம் சாம்பல். புகாவிட்டால் விறகு வேகாது. ஆகவே இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். மண் விரிசல் விட்ட இடத்தில் உடனே ஈரமண் அப்ப வேண்டும். என் அப்பா அந்தப் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் படிக்கும் சிதைத்துக் காய்ச்சி வடித்தல் என்பது இதுதான் என்று தெரிந்தபோது, அப்பாவின் மேல் எனக்குப் புதியதொரு மரியாதை பிறந்தது.

ஆனால் கணக்குப் போட்டால் மரியாதையோடு வருத்தமும் வருகிறது. மண்மூட்டத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைக்கும். உலர்ந்த விறகில் கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி வெப்பம் என்று கொண்டால், ஐந்து கிலோவில் 20,000. ஒரு கிலோ கரியில் மிஞ்சுவது சுமார் 7,000. மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் புகையாகவும் அனலாகவும் போய்விடுகிறது. அந்தப் புகையில் ஒரு பகுதி என் அம்மாவின் மார்பில் இருமலாகத் தங்கியிருக்கிறது. எனவே கரிமூட்டம் இப்படியே என்றென்றும் தொடர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

மின்சாரம் ஆக்கலாமா?

ஆக்கலாம், அதில் ஐயமில்லை. தென் மாவட்டங்களில் இவ்விறகை எரிக்கும் மின்நிலையங்கள் கட்டப்பட்டதும் உண்டு. தொழில்நுட்பம் புதிதன்று. விறகை எரித்து நீரை ஆவியாக்கி, ஆவியால் சுழலியைச் சுற்றுவதுதான். கேள்வி, அது எவ்வளவு விறகு கேட்கும் என்பதே.

நான் போட்ட கணக்கை நண்பர்கள் சரிபார்க்கலாம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். சிறிய நிலையம் ஒன்று, விறகின் வெப்பத்தில் 22 விழுக்காட்டை மின்சாரமாக்கும் என்று கொள்வோம். காட்டிலிருந்து வரும் விறகில் ஈரம் இருக்குமாதலால் கிலோவுக்கு 3,200 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு சுமார் 1.2 கிலோ விறகு வேண்டும். 10 மெகாவாட் நிலையம் மணிக்கு 10,000 யூனிட் தரும். 12 டன் விறகு தின்னும். நாளொன்றுக்கு 288 டன். ஆண்டில் 300 நாள் ஓடினால் 86,400 டன். ஏக்கருக்குப் பத்து டன் கிடைக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 8,640 ஏக்கர் வெட்ட வேண்டும்.

"ஆகா! அப்படியானால் சில ஆண்டுகளில் முட்காடு ஒழிந்துவிடுமே" என்று மகிழத் தோன்றும். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கோடிக்கணக்கில் கடன் வாங்கி நிலையம் கட்டுகிறவர் அதை இருபது ஆண்டுகளாவது ஓட்ட வேண்டும் என்றுதான் கட்டுகிறார். நான்கே ஆண்டில் விறகு தீர்ந்துவிட்டால் அவர் கடனை எப்படி அடைப்பார்? எனவே வெட்டிய தூர் மறுபடி துளிர்க்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு நிலையத்துக்காக 34,560 ஏக்கர் எந்நாளும் முட்காடாகவே இருந்தாக வேண்டும்! களையை ஒழிக்கக் கட்டிய கொதிகலன், களையைக் காக்கும் கோயிலாகிவிடும். பசி தீர்ந்த பிறகும் அடுப்பை அணைக்க முடியாத நிலை இது.

இது வெறும் கற்பனை அன்று. நம் கண்மாய்களில் ஏற்கெனவே நடப்பதுதான். கண்மாய்க் கருவேலம் ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் தரைக்கு மேலே உள்ளதை வெட்டிக்கொண்டு போகிறார். தூரைத் தோண்டச் செலவாகும். ஆகவே தூர் அப்படியே கிடக்கிறது. மூன்று நான்கு ஆண்டில் மரம் திரும்புகிறது, ஏலமும் திரும்புகிறது. ஊருக்கு வருமானம், எடுத்தவருக்கு இலாபம், வெட்டியவருக்குக் கூலி. கண்மாய்க்கு மட்டும் ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப அறுவடை செய்து விற்கும் ஒன்றைக் களை என்று எப்படிச் சொல்வது? பெயர்தான் களை, நாம் நடத்துவதோ பயிர் போல.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்காவில் அருண்டோ டோனாக்ஸ் என்ற பெரும் புல் ஒன்று உண்டு. நம்மூர் நாணலைப் போல, ஆனால் மூங்கில் போல் ஓங்கி வளர்வது. கலிஃபோர்னியாவின் ஆற்றங்கரைகளில் அது பெருகி, வெள்ளத்தில் அடித்துச் செல்லும் கிழங்குத் துண்டுகளிலிருந்தெல்லாம் முளைத்து, தீயையும் பரப்பித் தொல்லை கொடுத்தது. அதை அகற்ற அங்கே பெரும் பொருள் செலவிடுகிறார்கள். அதே நாட்டில், 2013இல், அதே புல்லை எரிபொருள் தயாரிப்பதற்குரிய பயிர்களில் ஒன்றாக மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் வயலைவிட்டு வெளியே பரவாமல் தடுக்கும் திட்டத்தையும் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஒரு கரையில் பிடுங்கவும், இன்னொரு கரையில் நடவும் ஒரே நாடு பணம் செலவிடும் விந்தையைப் பாருங்கள்!

நம்முடைய சீமைக் கருவேலமே ஆப்பிரிக்காவிலும் பரவியிருக்கிறது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில், கரி சுட்டே இதை ஒழிக்கலாம் என்று உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். கரிக்கு விலை கிடைத்ததும் நாட்டு மரங்களின் மேலும் கோடரி விழுந்தது. பிறகு தடை போட வேண்டியதாயிற்று. சந்தைக்கு மரத்தின் சாதி தெரியாது. எடை மட்டுமே தெரியும்.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டது. அதே ஆண்டில் அப்பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவது பற்றித் தனிக் கொள்கையே வெளியிட்டது. அவசரமாக வெட்டுவதும், பின் நிறுத்துவதும், மறுபடி தொடங்குவதுமாக நாம் இருக்கிறோம். மரமோ ஓய்வெடுப்பதில்லை. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைந்துவிட வேண்டும், முற்றிவிட்டால் களைகிறவன் கைக்குத்தான் துன்பம் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். அவர் சொன்னது பகையைப் பற்றி. நாம் பகையையும் வளர்த்துவிட்டோம், மரத்தையும் வளர்த்துவிட்டோம்.

என் கருத்து

எரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எரிக்கத்தான் வேண்டும். பிடுங்கிய மரத்தைக் கண்மாய்க் கரையில் மக்கவிடுவதால் யாருக்கு என்ன பயன்? ஆனால் எரிப்பது ஒழிப்பதற்கு உதவியாக இருக்க வேண்டும். ஒழிப்பது எரிப்பதற்குச் சாக்காக இருக்கக் கூடாது. இதற்கு நான்கு வழிகள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, கூலியையும் ஏலத்தையும் விறகின் எடையை வைத்துக் கணக்கிடாமல், தூரோடு சுத்தம் செய்த நிலத்தின் பரப்பை வைத்துக் கணக்கிட வேண்டும். டன்னுக்குப் பணம் கொடுத்தால் மரம் வளர வேண்டும் என்றுதான் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். ஏக்கருக்குப் பணம் கொடுத்தால் தூர் வெளியே வரும். தூர்க்கட்டை கனமானது, நன்றாகக் கரியாகும் என்பதால் அந்த உழைப்பும் வீணாகாது.

இரண்டாவது, எங்கே தொடங்குவது என்பதில் ஒழுங்கு வேண்டும். முதலில் வரத்துக்கால், பிறகு கண்மாய் உள்வாய். தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் மற்றதெல்லாம். ஏழை விவசாயியின் தரிசில் நிற்கும் மரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அது அவனுடைய சேமிப்பு வங்கி. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களில், கருவேல மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்கு மாற்று மரம் வளராமல் கோடரி எடுக்கக் கூடாது.

மூன்றாவது, கருவேலத்தை மட்டுமே நம்பிப் பெரிய கொதிகலன் கட்டக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் செங்கல் சூளைகளும் ஆலைகளும் பயன்படுத்தட்டும். புதிதாகக் கட்டினால் சிறியதாகவும், கடலைத் தோல், பருத்திமார், தென்னை மட்டை என்று கிடைத்ததை எரிக்கக் கூடியதாகவும் இருக்கட்டும். கருவேலம் தீர்ந்த அன்றைக்கும் அது ஓட வேண்டும்.

நான்காவது, வெட்டியவனே காவலனாக வேண்டும். தூரை எடுத்த பிறகும் மண்ணில் விதை கிடக்கும். அடுத்த மழைக்கு ஆயிரம் கன்று தலை நீட்டும். மூன்று நான்கு ஆண்டுகள் கன்றுகளைப் பிடுங்கி, நாட்டுக் கருவேலமும் புங்கமும் வேம்பும் நட்டுக் காக்க ஆள் வேண்டும். அந்த வேலையைக் கரிமூட்டக் குடும்பங்களுக்கே ஊதியத்தோடு கொடுக்க வேண்டும். இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. விறகை எரித்தால் வெளியேறும் கரியமில வாயுவை, திரும்ப வளரும் மரம் இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்த மின்சாரத்தைத் தூய்மையானது என்கிறார்கள். நாமோ திரும்ப வளரக் கூடாது என்கிறோம். அப்படியானால் அந்தக் கணக்கை நேர் செய்ய வேறு மரம் வளர்த்தே ஆக வேண்டும். நடாமல் எரித்தால் அது தூய்மையும் அன்று, நேர்மையும் அன்று.

நாம் செய்தது

அரசையும் ஒப்பந்தக்காரரையும் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. முதலாமாண்டில் நாங்களும் ஒரு விடுமுறை முகாமில் கண்மாய்க் கருவேலத்தை வெட்டினோம். ஒரு வாரம் வேலை. கையெல்லாம் முள். கடைசி நாள் வெட்டிய குவியல் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். தூரைத் தோண்ட நேரமில்லை. இந்த ஆண்டு பேருந்தில் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மரம் நின்றது; முன்னைவிட அடர்த்தியாக. நம் மாணவர் பட்டாளம் அங்கே செய்தது ஒழிப்பு அன்று, கவாத்து!

சென்ற பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். மூட்டத்துக்கு மண் அப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாத்தையும் தூரோட எடுத்துரலாம்ப்பா. எடுத்துட்டு நாங்க என்னத்தச் செய்ய?"

அக்கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் எங்கள் ஊரில் வேர் பிடிக்காது. அதனால்தான் நான்காவது வழியை நான் முதலாவதாக எழுதியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. நீர் நிற்கும் கண்மாயும், அதன் கரையில் காவலுக்கு ஊதியமும் கிடைத்தால், புகைக்குள் நிற்க வேண்டும் என்று அப்பாவுக்கு மட்டும் ஆசையா என்ன?

நம் கல்லூரியைச் சுற்றிக் கண்மாய்களுக்குப் பஞ்சமில்லை. தாவரவியலார் கன்றுகளை எண்ணலாம். வேதியியலார் விறகின் ஈரத்தை அளக்கலாம். பொருளியலார் கூலிக் கணக்கைப் பார்க்கலாம். பத்துக் கண்மாய் வேண்டாம். ஒரே ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டு, நாம் பட்டம் பெற்றுப் போன பிறகும் அடுத்து வரும் வகுப்பு தொடரும்படி, மூன்று ஆண்டு விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். தூர் தோண்டத் தெரிந்த ஒருவரை அழைத்துவருவது என் பொறுப்பு. அவருக்குக் கூலி மட்டும் ஏக்கர் கணக்கில் கொடுத்துவிட வேண்டும்.